அப்பச்சி சொன்ன 'ஹெவ்'

போன சித்திரை மாதம். இரண்டாம் கட்டில் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பச்சி, தொட்டி மல்லிகையைப் பார்த்து ஏதோ சொன்னார். என் காதில் "ஹெவ்" என்று விழுந்தது. ஏப்பம் விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தண்ணி வேணுமா அப்பச்சி?"

இல்லை என்று கையை ஆட்டினார். செடியை நோக்கி விரலை நீட்டி மறுபடி சொன்னார். "ஹெவ் ரோய்."

கோட்டையூர் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செம்மண் பூமி, பங்குனி பிறந்தால் வளவில் கால் வைக்க முடியாது. மல்லிகை மத்தியானமே தலையைத் தொங்கப் போட்டிருந்தது. நான் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். அப்பச்சிக்கு 88 வயது. மூன்று வருஷமாக மறதி நோய். காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவிருக்காது, சில நாள் நான் யார் என்பதே நினைவிருக்காது. அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தால் வீட்டில் உலை வைக்க முடியுமா?

ஆனால் அந்தச் சத்தம் தினமும் வந்தது. வாழை இலை சுருண்டு கிடந்தாலும் அதே வார்த்தை, கீரைக்கட்டு துவண்டு கிடந்தாலும் அதே வார்த்தை. எனக்கு உறைக்கவில்லை. கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேத்திக்குத்தான் உறைத்தது.

"ஆயா, ஐயா எப்பவும் வாடிப்போனதைப் பார்த்துத்தான் அதைச் சொல்றாக. கவனிச்சீகளா?"

அவளுக்கு 15 வயது. செல்போனை எடுத்து அதில் ஏதோ மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, "ஐயா சைகோன்லதானே இருந்தாக? வியட்நாம் பாஷையா இருக்குமோ?" என்று கேட்டபடி, 'வாடுதல்' என்று போட்டு ஒலியை வைத்தாள். போனுக்குள் இருந்து ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது. "ஹெவ்."

அப்பச்சி சட்டென்று நிமிர்ந்து போனைப் பார்த்தார். அவர் எதையாவது அப்படிக் கூர்ந்து பார்த்து ஒரு வருஷமாவது இருக்கும்.

*

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனது ஊர் அறிந்த கதை. சைகோனுக்குப் போனவர்கள் கொஞ்சம் குறைவு, அதனால் அந்தக் கதை அதிகம் வெளியே தெரியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே நகரத்தார் அங்கே கடை போட்டுவிட்டார்கள். கடை என்றால் சாமான் விற்கும் கடை இல்லை, வட்டிக்குக் கொடுத்து வாங்கும் கொண்டுவிக்கற கடை. மீகாங் ஆற்றுக் கழிமுகம் முழுக்க நெல். நெல்லை நம்பிக் கடன், கடனை நம்பிக் கடை. 1930களில் உலகமெங்கும் விலை சரிந்தபோது அந்த நெல்லும் சரிந்தது, கடையும் ஆட்டம் கண்டது.

அப்பச்சி போனது அதெல்லாம் முடிந்து வெகு காலம் கழித்து, 1954இல். அப்போது அவருக்கு வயது 17. நாகப்பட்டினத்தில் கப்பலேறி சிங்கப்பூர், அங்கிருந்து வேறு கப்பல். உறவுக்காரர் ஒருவரின் கடையில் பெட்டியடிப் பையன். அதாவது மேலாளுக்கும் அடுத்தாளுக்கும் கீழே, விளக்குத் துடைப்பதிலிருந்து பேரேடு எடுத்துக் கொடுப்பது வரை எல்லா வேலையும் செய்கிறவன். மூன்று வருஷக் கணக்கு. கணக்கு முடிந்தால் ஊருக்கு வந்து சில மாதம் இருக்கலாம், பிறகு மறுபடி மூன்று வருஷம். இப்படியே 1975 வரைக்கும் ஓடியது. அந்த வருஷம் ஏப்ரல் 30ஆம் தேதி சைகோன் கைமாறியது. மறு வருஷம் அப்பச்சி ஒரு தோல்பெட்டியோடு வந்து முகப்பில் நின்றார். எனக்கு அப்போது 12 வயது. அவர் யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் பழக்கமில்லை. அந்த வித்தியாசம் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புரியும்.

வந்த பிறகு அவர் வியட்நாம் பாஷை பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஆத்தாவுக்கு அது பிடிக்காது. "அந்தப் பேச்சை அங்கயே விட்டுட்டு வாங்க" என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள் என்று அயித்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவரும் விட்டுவிட்டார். அப்படித்தான் நாங்கள் 50 வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறதி நோய்க்காரர்களுக்குப் புதிதாகச் சேர்ந்தது முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் பெயர் போய்விட்டது. சைகோன் பாஷை அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது.

*

பேத்திக்கு அந்த விடுமுறை முழுவதும் இதுதான் வேலை. பழைய நோட்டு ஒன்றை எடுத்து, அப்பச்சி சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வாள். பிறகு போனில் தேடுவாள். பாதிக்கு மேல் பிடிபடாது. ஏனென்றால் அந்த மொழியில் ராகம் மாறினால் அர்த்தம் மாறிவிடும். வடக்கே ஆறு ராகமாம், தெற்கே சைகோன் பக்கத்தில் இரண்டு ஒன்றாகக் கலந்து ஐந்தாம். நமக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்கும்.

ஒருநாள் சாமி படத்துக்குப் போட்ட நேற்றைய பூவைக் காட்டி அப்பச்சி "தான்" என்றார். பேத்தி தேடிவிட்டுச் சிரி சிரி என்று சிரித்தாள். "ஆயா, குரலை இறக்கிச் சொன்னா பூ வாடி முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஏத்திச் சொன்னா பொண்ணுகிட்ட வழியறதுன்னு அர்த்தமாம். ஐயா எதைச் சொல்றாக?"

"பூவைத்தான்டி" என்றேன் கொஞ்சம் வேகமாக. அந்த வேகம் ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாக ஒரு விஷயம் தெளிவானது. அப்பச்சி ஒரே வார்த்தையை எல்லாவற்றுக்கும் போடவில்லை. தண்ணீர் இல்லாமல் இலை துவண்டால் 'ஹெவ்'. பச்சை போய் மஞ்சள் ஏறினால் 'ஊஅ'. பூ தன் காலம் முடிந்து குலைந்தால் 'தான்'. நெருப்பு அடங்கினாலும் அந்த மொழியில் 'தான்'தான், ஊதுவத்தி எரிந்து உதிரும் சாம்பலும் அதே சத்தம். முகத்தில் வரும் புள்ளிகளை ஊதுவத்திச் சாம்பல் என்றே சொல்வார்களாம். காம்பு விட்டு உதிர்ந்தால் 'ரூங்', அது இலைக்கும் உண்டு, முடிக்கும் பல்லுக்கும் உண்டு. முழுக்கக் காய்ந்துவிட்டால் 'கோ'. சைகோன் பக்கம் கருவாட்டுக்கும் வெறுமனே 'கோ' என்று பெயர். காய்ந்தது என்றாலே மீன்தான் நினைவுக்கு வருகிற ஊர் போலிருக்கிறது. நம் கருவாட்டிலும் ஒரு 'வாடு' ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. சரியா தப்பா என்று தமிழ் படித்தவர்கள் சொல்லட்டும்.

எல்லாவற்றையும்விட என்னை ஆச்சரியப்படுத்தியது வேறொன்று. வேலியோரம் பட்டுப்போய் நின்ற முருங்கையைப் பார்த்து அப்பச்சி "செத்" என்றார். தமிழில்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமாப்பச்சி, செத்துத்தான் போச்சு" என்றேன். பேத்தி தேடிப் பார்த்தால், வியட்நாம் மொழியிலும் சாவதற்கு 'செத்'தானாம்! அவர்கள் மொழிக் குடும்பம் வேறு, நம்முடையது வேறு. தற்செயலாக வந்து சேர்ந்த ஒற்றுமை. ஆனாலும் 17 வயதில் கப்பலிலிருந்து இறங்கிய பையனுக்கு, வாய் புகாத பாஷையில் அந்த ஒரு வார்த்தை மட்டும் வீட்டு வார்த்தை மாதிரிக் கேட்டிருக்கும் இல்லையா? அதுவும் போயும் போயும் அந்த வார்த்தை!

*

"நம்ம பாஷைல இவ்வளவு இருக்கா ஆயா?" என்று பேத்தி கேட்டாள்.

"உன் பாடப் புத்தகத்துலயே இருக்கேடி" என்றேன். பத்தாம் வகுப்புத் தமிழில் தேவநேயப் பாவாணரின் 'தமிழ்ச்சொல் வளம்' பாடமாக இருக்கிறது. மார்க்குக்காக அவள் அதை ஒரு மூச்சில் ஒப்பித்தவள்தான். மறுபடி எடுத்துப் பார்த்தோம். செடியிலிருந்து கீழே விழுந்த பூவுக்கு வீ என்று பெயர், வாடிய பூவுக்குச் செம்மல். காய்ந்த இலை சருகு, காய்ந்த தாளும் தோகையும் சண்டு, காய்ந்த குச்சி சுள்ளி. நுனி சுருங்கிய காய் சூம்பல், சூட்டில் பழுத்த பிஞ்சு வெம்பல், உள்ளே ஒன்றுமில்லாத மிளகாய் சொண்டு. கோட்டான் உட்கார்ந்ததால் கெட்டதாகச் சொல்லப்படும் காய்க்குக் கோட்டான் காய், தேரை அமர்ந்ததால் கெட்டதாகச் சொல்லப்படும் காய்க்குத் தேரைக்காய். பாவம், அந்தத் தேரை என்ன செய்தது?

இதில் பாதி வார்த்தைகள் என் ஆத்தா வாயிலேயே புழங்கின. அவள் பாவாணரைப் படித்ததில்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வாடுவதும் காய்வதும் சமையல் கட்டு விவகாரம். கத்தரிக்காயை வதக்க வேண்டும், வாழை இலையைத் தணலில் வாட்ட வேண்டும், அப்போதுதான் மடிக்கும்போது கிழியாது. சுண்டைக்காயும் மணத்தக்காளியும் மாங்காயும் கொத்தவரங்காயும் மொட்டை மாடியில் வத்தலாக வேண்டும். முக்கால் பதம் காய்ந்ததற்கு ஒரு பேச்சு, கலகலவென்று காய்ந்ததற்கு ஒரு பேச்சு. சித்திரையில் எங்கள் வீட்டு மாடி ஒரு காய்கறிக் கடையே காயப்போட்ட மாதிரி இருக்கும். மழை பொய்த்த பூமியில், காய்ந்ததை வைத்துக் காலம் தள்ளத் தெரியாதவர்கள் பிழைத்திருக்க முடியாது.

கோட்டையூர் என்றால் வெளியூர்க்காரர்கள் வள்ளல் அழகப்பரைச் சொல்வார்கள். புத்தகப் பிரியர்கள் ரோஜா முத்தையாவைச் சொல்வார்கள். ஊர் ஊராகத் தேடி, வீணாய்ப் போகவிருந்த பழைய நூல்களையும் இதழ்களையும் நோட்டீசுகளையும் ஏறக்குறைய ஒரு லட்சம் வரை இந்த ஊரில் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்குப் போய் ஆராய்ச்சி நூலகமாகிவிட்டது. காகிதத்துக்கு அப்படி ஒரு மனிதர் கிடைத்தார். வாய்ப்பேச்சுக்கு யார் இருக்கிறார்கள்? எங்கள் வீட்டில் ஒரு 15 வயதுப் பெண்ணும் கோடு போட்ட நோட்டும்தான்.

*

இப்போது அந்த வேகத்துக்கு வருகிறேன்.

அயித்தை, அதாவது அப்பச்சியின் தங்கச்சி, ஒருநாள் பார்க்க வந்தார். 82 வயதிலும் கணீரென்று பேசுவார். பேத்தி நோட்டைக் காட்டினாள். அயித்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வட்டிக்குக் கொடுக்கிற கடையில பணம், பத்திரம், தவணை, வாய்தா இதுக்குத்தான் வார்த்தை வேணும். பூ வாடினதுக்கு ஒண்ணு, இலை பழுத்ததுக்கு ஒண்ணு, இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தா?"

நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போனேன். அயித்தை விடுகிறவரா? அவர் அண்ணன் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டேவிட்டார்.

"அண்ணே, அங்க வேற குடும்பம் எதுவும் வச்சிருந்தீகளா?"

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எப்போதும் இருந்தது. யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் போன ஆண்களில் சிலருக்கு அங்கேயும் குடும்பம் இருந்தது, ஊருக்கே தெரியும். ஆத்தாவுக்குக் கல்யாணம் ஆனது 1958இல். 18 வருஷத்தில் அவள் புருஷனோடு சேர்ந்து இருந்ததைக் கூட்டினால் மூன்று வருஷம் தேறுமா என்று தெரியவில்லை. பெரிய வீடு, மாமியார், நாத்தனார், கொழுந்தன்மார், நாங்கள் இரண்டு பிள்ளைகள். "நான் மூணு வருஷத்துக்கு ஒரு தரம் தண்ணி காட்டுற செடி" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எங்களுக்கும் சிரிப்பு வரும். அவள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது சிரிப்பு வரவில்லை.

அப்பச்சி ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "மாரியம்மன்" என்றார். கொஞ்சம் கழித்து, "பூக்காரம்மா" என்றார். அதற்குப் பிறகு "பாதி விலை" என்றார். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார்.

துண்டு துண்டாகக் கேட்டுக் கேட்டு நாங்கள் சேர்த்துத் தைத்தது இது. சைகோன் நகரின் நடுவில் மாரியம்மன் கோயில் ஒன்று உண்டு. நம் ஆட்கள் கட்டியது, இன்றைக்கும் இருக்கிறது. தண்டாயுதபாணிக்கும் தனிக் கோயில் உண்டு. கடைக்காகப் பூ வாங்கி வருவது பெட்டியடிப் பையன் வேலை. கோயில் வாசலில் பூ விற்ற அம்மாளிடம் தினமும் பேரம். மல்லிகைக்கு அங்கே 'லாய்' என்று பெயர். புத்தம் புதியது 'தூய்', அதற்கு முழு விலை. ஹெவ் என்றால் பாதி விலை, தண்ணீர் தெளித்தால் தெளிந்துவிடும். ஊஅ என்றால் வாங்காதே, அது திரும்பாது. 17 வயதுப் பையன் முதலாளி காசை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொண்ட பாஷை இது. அந்த அம்மாள் வயதானவரா, வாலிபமா? கேட்டேன். அப்பச்சி பதில் சொல்லவில்லை. மறந்துவிட்டாரா, சொல்ல விரும்பவில்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. மறதி நோயில் இது ஒரு சௌகரியம், வீட்டுக்காரர்களுக்கு அல்ல.

*

இதற்கிடையில் மல்லிகையை நான் ஏறக்குறையக் கொன்றுவிட்டேன்.

வாடுகிறதே என்று காலையும் மாலையும் தண்ணீர். அப்படியும் துவண்டது. இன்னும் ஒரு செம்பு. ஒரு வாரத்தில் அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. அப்பச்சி நாற்காலியிலிருந்து "ஊஅ, ஊஅ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம். "தெரியுதப்பச்சி, கண்ணு இருக்கு எனக்கு" என்று கத்தினேன். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கத்தல் தெரியும். கத்தி முடித்ததும் வரும் குற்ற உணர்ச்சியும் தெரியும்.

காரைக்குடியில் செடி விற்கிற தம்பி ஒருத்தர் வந்து தொட்டியைச் சாய்த்துப் பார்த்தார். அடித் துவாரம் அடைத்திருந்தது. உள்ளே சேறு, வேர் கறுத்துப் பிசுபிசுத்திருந்தது.

"தண்ணி இல்லாம வாடினாலும் இலை தொங்கும் ஆச்சி, தண்ணி கூடி வேர் அழுகினாலும் இலை தொங்கும். வேர் அழுகிட்டா எவ்வளவு ஊத்துனாலும் மேல ஏறாதுல்ல? மஞ்சள் ஏறுச்சுன்னாலே கையை நிறுத்தியிருக்கணும்."

அவர் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், உதவும். மத்தியானம் துவண்ட செடி சாயங்காலம் தானே நிமிர்ந்தால் அது வெயில் களைப்பு, பயமில்லை. விடிகாலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் சிக்கல். உடனே தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கூடாது, விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். உலர்ந்திருந்தால் ஊற்றலாம், ஈரமிருந்தால் துவாரத்தைப் பார்க்க வேண்டும். செடி உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் தண்டில் நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்கலாம். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, சுள்ளி மாதிரி இருந்தால் பட்டுப்போய்விட்டது.

அவர் கீறுவதற்குள் அப்பச்சி கையை நீட்டினார். தொட்டியை அவர் பக்கம் நகர்த்தினோம். நடுங்குகிற விரலால் தண்டைப் பிடித்து நகத்தால் சுரண்டினார். ஒரு மயிரிழைப் பச்சை தெரிந்தது. எங்கள் முகத்தைப் பார்த்து, "செத் இல்லை" என்றார். பாதி அந்தப் பாஷை, பாதி இந்தப் பாஷை.

அழுகின வேரை வெட்டி, மண் மாற்றி, நிழலில் வைத்தோம். ஊஅ என்றால் திரும்பாது, நிறுத்து என்று ஒரு வாரமாக அந்த மனிதர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஏப்பம் என்று ஆரம்பித்து, தொந்தரவு என்று முடித்துவிட்டேன்.

அதே வாரத்தில்தான் அவருக்குப் புரையேறி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சாப்பிட மாட்டேன் என்கிறவர் வாயில் இன்னும் இரண்டு கரண்டி, இன்னும் இரண்டு கரண்டி என்று நான் திணித்ததுதான் காரணம். கொஞ்சமாக, பல தடவையாகக் கொடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள் என்றார்கள். தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

*

ஆடி மாதம் அண்ணன் மகன் சிநேகிதர்களோடு ஹோசிமின் நகருக்குச் சுற்றுலா போனான். அப்போது திருச்சியிலிருந்தே நேராக விமானம் இருந்தது. ஏறினால் சில மணி நேரத்தில் அங்கே. அப்பச்சி காலத்தில் கப்பலில் வாந்தி எடுத்தே பல நாள் போயிருக்கும்.

மாரியம்மன் கோயில் வாசலிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். கோபுரத்தைக் காட்டினான். உள்ளே போகிறவர்களில் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள், வியட்நாமியரும் சீனரும். கருவறைச் சுவரில் நெற்றியை வைத்து, வேண்டுதலைக் கல்லுக்குள் மெல்லச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம் அம்மன் எத்தனை பாஷை கற்றுக்கொண்டிருப்பாள்!

வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் போனைத் திருப்பினான். அந்த அம்மாளுக்கு 50 வயது இருக்கலாம். கூடையில் சாமந்தியும் மல்லிகையும். அப்பச்சி திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பேத்தி சொல்லியும், நான் சொல்லியும் பேசாதவர், கிடுகிடுவென்று ஏதோ பேசினார். மூன்று நான்கு வாக்கியம் இருக்கும். அந்தக் குரல் எனக்குத் தெரியாத ஒரு வாலிபனுடையது.

அந்த அம்மாள் ஒரு நொடி திகைத்து, பிறகு கூடையே ஆடும்படி சிரித்தார். கூட இருந்த வழிகாட்டிப் பையன் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்ல, அண்ணன் மகன் எங்களுக்குத் தமிழில் சொன்னான்.

"ஐயா கேட்கிறாக, மல்லிகை ஏற்கெனவே வாடிருச்சே, இதுக்குப் போய் முழு விலையான்னு."

அந்த அம்மாள் ஒரு சரத்தை எடுத்துத் திரைக்கு நேரே பிடித்து, "தூய், தூய்!" என்று அடித்துச் சொன்னார். இல்லை என்று அப்பச்சி தலையை ஆட்டினார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர், சிரிப்பாலா என்று கேட்டால் ஆமாம், சிரிப்பாலும்தான். அயித்தை மட்டும் அந்த அம்மாளின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். போனை வைத்த பிறகு என்னிடம், "நம்ம சாடை இல்லை" என்றார். அவர் கவலை அவருக்கு.

*

ஆத்தாவின் படம் பட்டாலையில், அப்பச்சி நாற்காலிக்கு எதிரே இருக்கிறது. காலையில் ஒரு முழம் பூ வைப்பேன், மறுநாள் காலையில் எடுத்துவிடுவேன். ஆவணியில் ஒருநாள் பொழுது சாயும் நேரம் அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னார். "ஹெவ் ஹொன்."

பேத்தி பள்ளிக்கூடம் திறந்து போய்விட்டாள். நானே போனில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு மூன்று விதமாக உச்சரித்துக் கேட்டுவிட்டுத் தேடிச் சொன்னாள்.

"ஆயா, இது செடிக்கு இல்லை. மனுஷாளுக்குச் சொல்றதாம். கவலையில, ஏக்கத்துல உள்ளுக்குள்ள வாடிப் போறது. ரொம்ப நாள் காத்திருந்து வாடுறதுன்னுகூடப் போட்டிருக்கு."

நான் அப்பச்சி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். படத்தில் பூ நன்றாகத்தான் இருந்தது, அன்று காலையில் வைத்தது.

"யாரைச் சொல்றீக அப்பச்சி? பூவையா, ஆத்தாவையா?"

பதில் இல்லை. கையை மட்டும் என் கை மேல் வைத்துக்கொண்டார். நான் யாரென்று அப்போது தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியாது.

தொட்டி மல்லிகையில் இப்போது கணுவுக்குக் கணு துளிர். பூக்க மாசம் பிடிக்கும் என்றார் அந்தத் தம்பி. மறுநாள் காலை வழக்கம்போல் ஆத்தா படத்திலிருந்து பழைய பூவை எடுக்கப் போனேன். ஓரம் கருகி, காம்பு சுருங்கியிருந்தது. கையை வைத்ததும் பின்னாலிருந்து சத்தம் வந்தது, தெளிவான தமிழில்.

"இருக்கட்டும் ஆத்தா."

எடுக்கவில்லை. புதுச் சரத்தை அதன் மேலேயே போட்டேன்.